ரீசெட் செய்த பிறகும் விழுந்த கணினி: ஓர் ஓவர்கிளாக் பழுதுப் பதிவு

ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கம் உட்கார்ந்து கணினியை ஓவர்கிளாக் செய்கிறவர்கள், அதாவது தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள், பங்குனியை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றும் சாரலும் அறையை 26 டிகிரியில் வைத்திருக்கும். அதே அறை சித்திரையில் 36 டிகிரி. பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க அதனால் முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். சாரலில் 84இல் நின்ற மெஷின் சித்திரையில் 94க்குப் போகும். இந்தப் பதிவில் வரும் ரைசன் 5 3600 பிராசஸருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பு 95.

பங்குனிக் கடைசியில் என் ரிப்பேர் கடைக்கு வந்த ஒரு மெஷினைப் பற்றியது இந்தப் பதிவு. புளியரையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பியுடையது. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல், தென்மலை, பதிமூன்று கண் பாலம் என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷூட்டிங் எடுத்து, எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் எக்ஸ்போர்ட்டை ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்குகிற பிழைப்பு. ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 3200 வேகத்து 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, ஒற்றை ஃபேன் டவர் கூலர். போன சாரல் காலத்தில் எல்லாக் கோர்களையும் 4.3 கிகாஹெர்ட்ஸில் கட்டி, வோல்டேஜை 1.375இல் பூட்டி, ரேமை 1.45 வோல்ட்டில் 3600க்கு ஏற்றியிருக்கிறார். தை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மாசியில் எக்ஸ்போர்ட் நடுவே ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்து, பிறகு நீலத்திரை வந்து, கடைசியில் டிஸ்பிளேயே வராமல் போனது.

"ரீசெட் அடிச்சு டிஸ்பிளே வந்துட்டு அண்ணாச்சி. பொறவும் நிக்க மாட்டேங்கு. பிராசஸர் போச்சுன்னு சொல்லுதாவ. மாத்திரணுமா?"

"பிராசஸர் லேசுல போகாது தம்பி. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பாக்கேன்."

அந்தப் பதிலை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய வோல்டேஜும் சூடும் பிராசஸருக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தடங்களைக் காலப்போக்கில் அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படித் தேய்ந்த சிப் முதலில் காட்டும் அறிகுறி வேறு. முன்பு 1.375 வோல்ட்டில் ஓடிய 4.3க்கு இப்போது 1.4 கேட்கும். தயாரித்தவர்கள் வைத்த வேகத்தில், அதாவது ஸ்டாக்கில், ஓட்டினால் பெரும்பாலும் இன்னும் நிம்மதியாக ஓடும், ஏனென்றால் அந்த வேகத்துக்கு அவர்கள் கொடுத்திருக்கும் வோல்டேஜில் தாராளமான இடைவெளி உண்டு. ஸ்டாக்கிலேயே விழுகிறது என்றால் கையை வேறு இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும் முடிவை ஊகத்தில் சொல்லக்கூடாது.

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன், நடந்த பிழைகளை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ஓவர்கிளாக் பழுதில் பாதி விடை அங்கேயே கிடக்கிறது. யாரும் தேதி வைத்துப் படிப்பதில்லை. கர்னல் பவர் 41 என்ற பதிவு ஏராளம். அது "சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தேன்" என்று மட்டும்தான் சொல்கிறது, காரணம் சொல்லாது. ஆனால் அதன் விவரத்துக்குள் போனால் பக்செக் கோட் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் நீலத்திரை போடக்கூட நேரமில்லாமல் மின்சாரம் பிடுங்கப்பட்டதைப் போல விழுந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. இன்னொரு பதிவு வியா லாகர் 18. பிராசஸர் தனக்குள் நடந்த பிழையைத் தானே அறிவிப்பது அது.

தேதிவாரியாகப் பார்த்தால் படம் தெளிவாக வந்தது. வியா 18 பதிவுகள் அத்தனையும் அவர் சிமாஸ் ரீசெட் செய்த (மதர்போர்டின் பயாஸில் வைத்த அமைப்புகளை அழித்த) நாளுக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஓவர்கிளாக் போனதும் பிராசஸரின் புலம்பலும் போய்விட்டது. ஆனால் ரீசெட்டுக்குப் பின்னும் இரண்டு வகையான விழுகை தொடர்ந்திருக்கிறது. எக்ஸ்போர்ட் நேரத்தில் மட்டும் வரும், கோட் 0 உள்ள அணைவு ஒன்று. சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போதுகூட வரும் மெமரி மேனேஜ்மென்ட் நீலத்திரை மற்றொன்று. ஒன்று சுமையோடு சேர்ந்தது, மற்றது சுமையைப் பற்றிக் கவலைப்படாதது. ஒரே நோயாக இருக்க வாய்ப்பில்லை. இதைப் பிரிக்காமல் ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றைச் சரி செய்த பிறகும் மெஷின் விழும், சரி செய்ததே தப்போ என்று சந்தேகம் வரும், திரும்பவும் முதலிலிருந்து.

ஸ்டாக் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த நிலையும் முழு ஸ்டாக் இல்லை. சிமாஸை அழித்தால் பயாஸில் வைத்த அமைப்புகள்தான் போகும். கிராபிக்ஸ் கார்டின் ஓவர்கிளாக் விண்டோஸுக்குள் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் இருக்கிறது, கணினி தொடங்கும்போதெல்லாம் அதைப் போட்டுவிடச் சொல்லி டிக் வைத்திருந்தார். அதை எடுத்தேன், கார்டை அதன் இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்தேன். பயாஸில் சேமித்து வைத்திருந்த பழைய புரொஃபைலையும் அழித்தேன், தவறிக்கூட யாரும் திரும்ப ஏற்றக் கூடாது என்று. சிமாஸ் பேட்டரி மீட்டரில் 2.6 வோல்ட் காட்டியது. புதிய சிஆர்2032 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மாற்றிவிட்டேன். மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் சிமாஸ் ஜம்பரைத் தொட வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கேபினட்டைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். லேசான கருகல் வாசம் இருந்தது, பிராசஸருக்கு மின்சாரம் போகும் மூலையில். மதர்போர்டில் அங்கே 8 பின் சாக்கெட். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இருப்பதோ 4 பின் பிளக் மட்டும். சாக்கெட்டின் பாதியில் அதைச் செருகியிருந்தார்கள். போர்டு அதிலும் ஓடும், அதனால் யாரும் கவனிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் மஞ்சள் கம்பி வரும் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. உள்ளே இருக்கும் பெண் முனை விரிந்து, பிடிப்பு இல்லாமல் ஆடியது.

இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 65 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரைசன் 5 3600 இயல்பு அமைப்பில் 88 வாட் வரை இழுக்க ஏஎம்டியே அனுமதிக்கிறது. கையால் வேகத்தைப் பூட்டினால் அந்த 88 வரம்பு செயல்படாது. பிராசஸரின் மின்சக்தி வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். இந்த மெஷின் ஸ்டாக்கில் முழுச்சுமையில் 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் நிற்கிறது. 4.3க்கும் 1.375க்கும் போனால் வேகத்தால் 1.075 மடங்கு, வோல்டேஜால் 1.21 மடங்கு. பெருக்கினால் 1.3. அதாவது ஏழரை சதவீத வேகத்துக்கு முப்பது சதவீதம் கூடுதல் சூடு. 88 வாட் 114 வாட் ஆகிறது. மதர்போர்டின் வோல்டேஜ் ரெகுலேட்டரில் போகும் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் கம்பியில் 10 ஆம்பியருக்கு மேல். இரண்டே இரண்டு மஞ்சள் கம்பிகள், அதில் ஒன்றின் முனை தளர்ச்சி. சூடேறினால் முனை மேலும் விரியும், விரிந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடேறும். மாதக்கணக்கில் ராத்திரி முழுக்க இது நடந்திருக்கிறது. ஓவர்கிளாக்கை எடுத்த பிறகும் விரிந்த முனை விரிந்ததுதானே. அதனால்தான் ரீசெட் அதைக் குணப்படுத்தவில்லை.

மீட்டர் வைத்து உறுதி செய்தேன். போர்டை மேசையில் வைத்து, ஸ்டாக் அமைப்பில், பிராசஸருக்கு முழுச்சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95ஐ ஓட்டிக்கொண்டு, பிளக்கின் பின்புறக் கம்பி முனைக்கும் போர்டின் அடியில் இருக்கும் சால்டர் புள்ளிக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட் தொலைகிறது. நன்றாகக் கடித்துப் பிடித்த பின்னில் சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டாது. 8 ஆம்பியரில் 0.3 வோல்ட் என்றால் 2.4 வாட், அந்தச் சின்ன இடத்திலேயே சூடாகிறது. எஸ்எம்பிஎஸ்ஸும் வயசானது, சுமையில் 11.6க்கு இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து போர்டுக்குக் கிடைத்தது 11.3. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, அதாவது 11.4தான் அடிமட்டம். எக்ஸ்போர்ட் நேரத்து அணைவுக்கு விடை கிடைத்தது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை இதற்கு நம்ப வேண்டாம், போர்டின் சென்சார் பல மெஷின்களில் அரை வோல்ட் வரை தள்ளிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடும் மெஷினில் மீட்டர் முனை வழுக்கினால் 12 வோல்ட் ஷார்ட் ஆகும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் இந்த அளவையை எடுக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணால் பார்த்தாலே பழுப்பு தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டேன், 4+4 பின் பிளக் உள்ளது. வாட் போதாமல் பழையது விழவில்லை. பிராசஸர் 88, கார்டு 125, மற்றதெல்லாம் ஒரு 50 என்று வைத்தாலும் 263தான் வருகிறது. முனையும் வயசும்தான் கோளாறு. இதைச் சொல்லக் காரணம், ரீஸ்டார்ட் ஆகிறது என்றதும் 750 வாட் வாங்கிப் போடச் சொல்லும் பழக்கம் இங்கே இருக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல தரத்து 550 கிடைக்கும். போர்டின் சாக்கெட்டில் அந்தப் பின்னின் மேல் படிந்திருந்த கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, புதிய பிளக்கைச் செருகி மறுபடி அளந்தேன். 0.03 வோல்ட். போர்டில் 11.95.

அடுத்து ரேம். இந்தப் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டு இல்லாமல் டிஸ்பிளே வராது. கடையில் இருக்கும் பழைய ஜிடி 710ஐப் போட்டு அவருடைய கார்டைக் கணக்கிலிருந்து விலக்கினேன். ஒரே ஒரு ரேமை, பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டி, ஸ்டாக் 2133 வேகத்திலேயே, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓடவிட்டேன். முதல் ரேம் நான்கு சுற்றும் சுத்தம். இரண்டாவது ரேம் முதல் சுற்றிலேயே பிழை கொட்டியது. பிழை வந்தது என்பதோடு நிறுத்தாமல் எந்த முகவரியில் வந்தது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முகவரி இங்கேயும் அங்கேயும் தாவினால் வோல்டேஜ், டைமிங், பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் என்று சந்தேகம் விரியும். ஒரே பகுதியில், ஒரே பிட்டில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ரேம் சிப்பிலேயே கோளாறு. இங்கே இரண்டாவது வகை.

அப்படியே தீர்ப்பு எழுதவில்லை. நம் பக்கம் சாரல் மாதங்களில் காற்றின் ஈரம் ரேமின் தங்கப் பூச்சு முனைகளில் மங்கலாகப் படியும். பல நேரம் துடைத்துப் போட்டாலே மெஷின் எழுந்துவிடும். எல்லாக் கடையிலும் அழிரப்பர் வைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அந்தப் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ரப்பர் தூளும் ஸ்லாட்டில் விழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆல்கஹால் நனைத்த பஞ்சு போதும். துடைத்து, காயவிட்டு, வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பார்த்தேன். அதே முகவரி, அதே பிட். பிழை ஸ்லாட்டோடு நிற்கவில்லை, ரேமோடு போகிறது. இப்போது தீர்ப்பு சொல்லலாம். 3200க்கு 1.35 வோல்ட் என்று எழுதிய ரேம் அது, 1.45இல் கோடைச் சூட்டில் ஓடியிருக்கிறது. அதுதான் கெடுத்ததா, முன்பே நலிந்திருந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. உத்தரவாதம் இருந்ததால் மாற்றித்தர அனுப்பினோம்.

கெட்ட ரேமின் மோசமான விஷயம் நீலத்திரை அல்ல. எஸ்எஸ்டியில் எழுதப்படும் ஒவ்வொரு பைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் காப்பி வெற்றி என்றுதான் விண்டோஸ் சொல்லும், எழுதியதோ தவறு. ஒரு ரேமோடு மெஷினை எழுப்பி விண்டோஸ் தன் பைல்களைத் தானே சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்னவ் கட்டளை கொடுத்தபோது சிஸ்டம் பைல்கள் பல சிதைந்திருப்பதாகக் காட்டியது. ரேம் சுத்தம் என்று தெரியும் முன்னால் விண்டோஸை ரீஇன்ஸ்டால் செய்கிறவர்கள் சிதைந்த விண்டோஸையே புதிதாக நிறுவுகிறார்கள். பிறகு அதுவும் விழுகிறது. வரிசை முக்கியம்: மின்சாரம், ரேம், அதன் பின் விண்டோஸ்.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "மாசியில இருந்து குடுத்த கல்யாணம் எல்லாம்?" என்றார். அந்தக் கவலை நியாயமானது. ஒரு குடும்பத்துக்கு அந்த வீடியோ ஒருமுறைதான். கேமரா கார்டுகளை அவர் அழிக்காமல் வைத்திருந்தது பெரிய புண்ணியம். மாசிக்குப் பின் செய்த எக்ஸ்போர்ட்களைச் சேர்ந்தே ஓட்டிப் பார்த்தோம், ஒன்றில் சில பிரேம்களில் பச்சைக் கட்டம் தெரிந்தது. மெஷின் தயாரானதும் அதைக் கார்டிலிருந்து திரும்ப எடுத்து, ஆரியங்காவில் அந்த வீட்டுக்கே போய்ப் புதிய பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களாகக் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை.

கூலரைக் கழற்றும்போது, இந்தப் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் ஒரு ஆபத்து உண்டு. சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவே பூசும் பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், 1331 பின்களில் எது வளைந்தாலும் வேலை பெரிதாகிவிடும். பத்து நிமிடம் சுமை கொடுத்து மெஷினைச் சூடாக்கி, அணைத்து, கம்பியைப் பிடுங்கி, கூலரை மெல்ல இடமும் வலமும் திருகி, பேஸ்ட் விட்டுக்கொடுத்ததும் தூக்க வேண்டும். பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசியும் ஈரமும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தது. புளோயர் அடித்தால் போகாது, பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். புதிய பேஸ்ட் போட்டு, ஸ்டாக்கில், 35 டிகிரி அறையில் பிராசஸரை நன்றாகச் சூடேற்றும் பிரைம்95இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையை ஓட்டினேன். 79 டிகிரி. ஒரு கோர்கூடப் பிழை காட்டவில்லை. ரவுண்டிங் 0.4க்குக் கீழே எதிர்பார்த்தேன் என்று சொல்லி பிரைம்95 ஒரு கோரை நிறுத்துமே, அது வந்திருந்தால்தான் பிராசஸரைச் சந்தேகப்பட்டிருப்பேன். பிராசஸர் முழு ஆரோக்கியம்.

மெஷினை ஒப்படைக்கும்போது, திரும்ப 4.3 வைக்கலாமா என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார். அவர் ஓவர்கிளாக் செய்தது விளையாட்டுக்கு இல்லை, நேரத்துக்கு. அதனால் நேரத்திலேயே பதில் சொன்னேன். ஏழரை சதவீத வேகம் ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டை ஐம்பத்தாறு நிமிடமாக்கும், அவ்வளவுதான். அவருடைய 1660 சூப்பரில் வீடியோவை என்கோட் செய்யவே தனியாக ஒரு பகுதி இருக்கிறது, என்விஎன்க் என்பார்கள். எடிட்டிங் மென்பொருளில் ஹார்ட்வேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்தால் வேலை அங்கே போகும். அவருடைய ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டை அப்படி ஓட்டிக் காட்டினேன், பாதி நேரத்துக்கும் குறைவாக முடிந்தது, பிராசஸரோ 65 டிகிரியைத் தொடவில்லை. மிகக் குறைந்த பிட்ரேட்டில் மட்டும் பிராசஸர் என்கோடிங்கின் தரம் சற்று மேல். கல்யாண வீடியோவுக்குக் கொடுக்கும் பிட்ரேட்டில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பிராசஸர் இப்போது ஆட்டோவில் இருக்கிறது. ரேம் 3200, 1.35 வோல்ட், தயாரித்தவர்கள் ரேமிலேயே பதிந்து வைத்த எக்ஸ்எம்பி புரொஃபைல்படி. ஓவர்கிளாக்கையே வெறுக்கிறவன் நான் இல்லை. சாரலில் ஆசைப்பட்டு வைக்கிறவர்கள் அதை 36 டிகிரி அறையில், கேபினட் மூடிய நிலையில், மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் பிரைம்95 ஒரு ராத்திரியும் தாண்டிய பிறகு வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். பிழைப்புக்கான மெஷினில் என் கையால் 1.3 வோல்ட்டுக்கு மேல் இந்தத் தலைமுறை ரைசனுக்கு வைக்க மாட்டேன்.

மாற்றி வந்த ரேமைத் தனியாகவும், பின் இரண்டையும் சேர்த்து 3200இலும் ஓட்டினேன். பிழை 0. அவர் வீட்டு யுபிஎஸ் சதுர அலை வகை. புதிய எஸ்எம்பிஎஸ் போன்ற, மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி அமைப்பு உள்ளவை அந்த அலையில் சில நேரம் அணைந்துவிடும் என்பதால் புளியரைக்கே போய், எக்ஸ்போர்ட் ஓடும்போது மெயினை அணைத்துப் பார்த்தோம். தாங்கியது. சுவர் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. கிராபிக்ஸ் கார்டின் பேஸ்ட்டை இன்னும் தொடவில்லை. முழுச்சுமையில் 74இல் நிற்கிறது. சித்திரை வெயிலில் 80ஐத் தாண்டினால் அதைக் கழற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன்.